ருக்மணி தேவியின் கலை: ஒரு மதிப்பீடு

புத்தளத்துக்கு மேற்கே, களப்புக்கும் பெருங்கடலுக்கும் இடையில் நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில் நுரைச்சோலை என்னும் ஊர் உளது. நுரையும் சோலையும் சேர்ந்தமைந்த இத் தமிழ்ப் பெயரைச் சிங்களம் பேசுவோர் நொரொச்சோலை என வழங்குவர். 2011ஆம் ஆண்டில் அங்கு இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையத்தால் இன்று நாடு முழுவதும் அறிந்த ஊராக அது ஆகிவிட்டது. எனினும் மொழியாராய்ச்சியாளனுக்கு அவ்வூரின் புகைபோக்கியைக் காட்டிலும் பெயரே சுவையானது. வாய் மாறும்போது ஒலி சிறிது மாறுகின்றது, ஊர் மாறுவதில்லை. நீர்கொழும்பு தொடங்கிச் சிலாபம், உடப்பு, புத்தளம் ஊடாகக் கற்பிட்டி வரை செல்லும் இக் கரையோரம் முழுவதும் இத்தகையதே. முன்னேஸ்வரத் தேர்வீதியிலும் தலவிலப் புனித அன்னம்மாள் ஆலய முற்றத்திலும் இரு மொழிகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஒலிக்கின்றன. தாத்தன் தமிழிற் செபம் சொல்லப் பேரன் சிங்களத்திற் பாடம் படிக்கும் குடும்பங்கள் நீர்கொழும்புக் கடற்புறத்தில் எண்ணிறந்தன.

இக் கரையோரத்தின் தென்முனையாகிய நீர்கொழும்பை வாழ்விடமாகக் கொண்டு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மேடையிலும் இசைத்தட்டிலும் வெள்ளித்திரையிலும் விளங்கியவர் ருக்மணி தேவி. சிங்களத் திரையுலகின் முதல் நாயகி எனவும், இலங்கையின் இசைக்குயில் எனவும் அவரைப் போற்றாத சிங்கள இரசிகர் இலர். அவருடைய இயற்பெயர் டெய்சி இராசம்மா டானியல்ஸ் என்பதைத் தமிழருள் அறிந்தோர் சிலரே. அறிந்தோரும் அதனை ஒரு வியப்புச் செய்தியாகச் சொல்லி அமைவதன்றி, அவருடைய கலையை ஆராய முற்பட்டதில்லை. சிங்களத் திறனாய்வாளரோ அவரை மிக விரும்பினர். ஆனால் அவர் நடித்த படங்களை இகழ்ந்தனர். படத்தை இகழ்ந்து நடிகையை விரும்புவது அன்புக்கு இசையலாம். திறனாய்வுக்கு இசையுமா என்பதே வினா.

அவர் 1923ஆம் ஆண்டு தை மாதம் 15ஆந் திகதி நுவரெலியாவை அடுத்த இறம்பொடையிற் பிறந்தார். தென்னிந்தியாவினின்றும் வந்து கொழும்பிற் குடிகொண்ட வணிகரின் வழியினரான கொழும்புச் செட்டிகள் மரபில் வந்த கிறித்தவக் குடும்பம் அவருடையது. வளர்ந்தது கொழும்பில். இளம் பருவத்திலேயே மேடையேறி, இராமாயண நாடகமொன்றிற் சீதையாக நடித்துப் பெயர் பெற்றார். 1930களின் இறுதியில், எச். டபிள்யூ. ரூபசிங்க மாஸ்டருடன் சேர்ந்து அவர் பாடிய 'சிரி புத்தகயா விகாரே' என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. புத்தர் பெருமான் ஞானம் பெற்ற புனிதத் தலத்தைப் போற்றும் அப்பாடல் பௌத்த இல்லங்கள்தோறும் ஒலிக்கலாயிற்று. தமிழ்வழிக் கிறித்தவச் சிறுமி, இந்துப் புராணப் பெயர் ஒன்றைப் புனைந்துகொண்டு, சிங்களத்திற் பாடிய பௌத்தப் பக்திப் பாடல்! நான்கு மரபுகள் ஓர் இசைத்தட்டில் இவ்வளவு எளிதாகக் கூடியமை அக்காலத்து இலங்கையின் ஒரு நற்பேறு எனலாம். பாடியவர் யார், எம்மதத்தினர் என்று அன்று எவரும் வினவியதாகத் தோன்றவில்லை. குரலை மட்டுமே கேட்டனர்.

இசைத்தட்டின் இயல்பை இவ்விடத்து நினைத்தல் வேண்டும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே ஒலிக்கும். அந்த மூன்று நிமிடத்துள் பாத்திரம் பிறந்து, துயருற்று, ஆறுதல் பெற்றாக வேண்டும். ஆலாபனைக்கு அங்கு இடமில்லை. முகம் காட்டவும் இயலாது. சொல்லின் முதலெழுத்தை உச்சரிக்கும் விதத்திலேயே பாவம் முழுவதையும் புலப்படுத்த வல்லவரே அக்கருவியில் வென்றனர். ருக்மணி தேவி நடிப்புக் கற்ற பள்ளி இதுவே என்பது மிகையன்று. திரைக்கு வருவதற்கு ஏறத்தாழ எட்டாண்டுகள் முன்னரே, கேட்போர் மனத்தில் முகமின்றி ஒரு பெண்ணை நிறுத்தும் ஆற்றலை அவர் கைவரப் பெற்றிருந்தார்.

நீர்கொழும்பில் பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன நடத்திய மினேர்வா நாடகக் குழுவில் அவர் சேர்ந்தமையும், ஜயமான்னவின் தம்பியும் நகைச்சுவை நடிகருமாகிய எடி ஜயமான்னவை மணந்தமையும் அவருடைய வாழ்வின் போக்கை உறுதி செய்தன. அக் குழுவின் நாடகங்கள் எத்தகையன என்பதை அறியாது அவருடைய படங்களை விளங்கிக்கொள்ளுதல் அரிது. 1911இல் கொழும்பில் திறக்கப்பட்ட டவர் மண்டபத்தை நிலைக்களமாகக் கொண்டு வளர்ந்த நூர்த்தி நாடகம், பார்சி நாடகக் குழுக்களின் வட இந்திய மெட்டுகளையும் திரைச்சீலைக் காட்சிகளையும் சிங்களத்திற் கொணர்ந்தது. அரசர்களும் தேவகன்னியரும் நிறைந்த அம்மேடையை நகர்ப்புறக் குடும்பத்தின் முன்கூடத்துக்கு இறக்கி வைத்ததே ஜயமான்னவின் பணி. முடியும் உடைவாளும் போய், சீதனமும் கடிதமும் வந்தன. பாடலும் கண்ணீரும் அப்படியே இருந்தன.

அத்தகைய நாடகமொன்றே முதற் சிங்களப் பேசும் படமாயிற்று. 'உடைந்த வாக்குறுதி' எனப் பொருள்படும் 'கடவுணு பொறொந்துவ' 1947ஆம் ஆண்டு தை மாதம் 21ஆந் திகதி கொழும்பு கிங்ஸ்லி படமாளிகையில் திரையிடப்பட்டது. அதனைத் தயாரித்தவர் தமிழரான எஸ். எம். நாயகம், படம் பிடிக்கப்பட்டது தென்னிந்தியாவில், அவருடைய சித்ரகலா மூவிடோன் சார்பில், நெறியாளர் சோதிஷ் சிங் வங்காளி. ஆக, சிங்களத் திரையின் பிறப்பு பாக்கு நீரிணைக்கு அப்பாலே நிகழ்ந்தது. இதனைக் குறையாகச் சொல்வோர், தமிழின் முதற் பேசும் படங்கள் பம்பாயிலும் கல்கத்தாவிலும் எடுக்கப்பட்டமையையும் நினைவு கூர்தல் நன்று. எந்த மொழியின் சினிமாவும் பிறந்த வீட்டிற் பிறப்பதில்லை போலும்.

அதனைத் தொடர்ந்து 'கபடி ஆரக்ஷகயா' 1948இலும், 'பெறலென இரணம' 1949இலும், 'சங்கவுணு பிலித்துற' 1951இலும், டபிள்யூ. ஏ. சில்வாவின் புகழ்பெற்ற நாவலைத் தழுவிய 'கெலே ஹந்த' 1953இலும் வெளிவந்தன. பெயர்களின் பொருளை மட்டும் நிரல்பட நோக்கினாலே இப்படங்களின் உலகு புலனாகும்: உடைந்த வாக்கு, கபடமான பாதுகாவலன், புரளும் விதி, மறைந்து கிடந்த விடை. வாக்கை ஆடவர் உடைப்பர்; அதன் பயனைப் பெண் சுமப்பாள். ருக்மணி தேவியின் பாத்திரங்கள் பெரும்பாலும் சுமக்கும் பெண்களே. கதை அவர்களுக்குச் செயலுரிமை எதனையும் வழங்குவதில்லை. அழுவதற்கும் பாடுவதற்கும் மட்டுமே உரிமை தருகின்றது.

இங்கேதான் அவருடைய நடிப்பை மதிப்பிடும் சிக்கல் எழுகின்றது. படப்பிடிப்பு நிலையத்துள் அசையாது நின்ற ஒளிப்படக் கருவிக்கு முன், ஒலிவாங்கியின் எல்லைக்குள், மேடைக்குரிய நெடிய வசனங்களைப் பேசிய நடிகர் எவரும் இயல்பாகத் தோன்றுதல் இயலாது. உடன் நடித்தோர் பலர் எதிரிலுள்ள பாத்திரத்தை நோக்கிப் பேசாது, மண்டபத்தின் கடைசி வரிசையை நோக்கி முழங்கினர். ருக்மணி தேவியும் இக் குற்றத்தினின்று முற்றும் நீங்கியவரல்லர். வசனம் பேசும்போது அவருடைய கைகளும் மேடையின் கைகளே. ஆயின் பாடலுக்கு அவர் புகும்போது ஒரு மாற்றம் நிகழ்கின்றது. உடல் அடங்குகின்றது, முகம் ஏறத்தாழ அசைவற்று நிற்கின்றது, குரல் ஒன்றே அனைத்துத் தொழிலையும் மேற்கொள்கின்றது. பிறர் பாடலை நடிப்பின் இடைவேளையாகக் கொள்ள, இவர் நடிப்பைப் பாடலுக்குள் வைத்தார். இளமையிற் கூர்மையும் சிறிது அவசரமும் உடையதாயிருந்த அக்குரல், ஆண்டுகள் செல்லச் செல்லக் கனத்து, ஓரங்களில் நடுங்கும் ஒரு தன்மையைப் பெற்றது. அந்த நடுக்கம் பயிற்சிக் குறைவு என்று இசைவல்லார் கூறக்கூடும். துயரைச் சொல்லும் இடத்தில் அதுவே அவருடைய மிகப் பெரிய செல்வம்.

இந்த ஆற்றல் அவருக்கு மட்டும் உரியதன்று. ஒரு காலப்பகுதிக்கே உரியது. பாடவல்லவரே நடிகர் என்றிருந்த அக் காலத்தில் தமிழகத்திற் கே. பி. சுந்தராம்பாளும், எகிப்தில் உம்மு குல்தூமும் திரையில் தோன்றினர். உம்மு குல்தூம் 1936 முதல் 1947 வரை ஆறே படங்களில் நடித்து, திரையை விட்டு மீண்டும் மேடைக்கே சென்றார். சுந்தராம்பாளுக்கு 1953இல் 'ஔவையார்' கிடைத்தது: குரலின் பெருமைக்கு ஏற்ற பாத்திரம், முதுமையே அழகாக அமைந்த பாத்திரம். ருக்மணி தேவிக்கு வாய்க்காதது இதுவே. முப்பது வயதிலும் அவர் இருபது வயதுக் காதலியாகவே ஏமாற்றப்பட்டுக்கொண்டிருந்தார். பின்னணிப் பாடகர் முறை வேரூன்றிய பின்னர், பாட்டு ஒருவருக்கும் முகம் இன்னொருவருக்கும் ஆயின; இரண்டையும் ஒன்றாக வைத்திருந்தவருக்கு வேலை அரிதாயிற்று. 1952ஆம் ஆண்டில் பண்டிதர் இரத்தன்ஜங்கர் இலங்கை வானொலிக்கு வரவழைக்கப்பட்டுப் பாடகர்களைத் தரப்படுத்தியமை சுவையின் திசை மாறியதற்கு மற்றோர் அடையாளம். வட இந்திய சாஸ்திரீய சங்கீதத்தின் அளவுகோல் வந்தபோது, இசைத்தட்டு மெட்டுகளின் மதிப்பு இறங்கியது.

1956 வந்தது. சிங்களக் கலை வரலாற்றில் அவ்வாண்டு ஒரு திருப்பம் என்பது ஒருதலை. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசின் 'ரேகாவ' படக்கருவியைக் கிராமத்து வெயிலுக்குக் கொண்டு சென்றது. மறு ஆண்டு கான் திரைப்பட விழாவிற் பங்குகொண்டது. அதே ஆண்டில் பேராசிரியர் சரச்சந்திரவின் 'மனமே' மேடையேறியது. இவ்விரண்டின் ஒளியில், முன்னைய படங்கள் யாவும் தென்னிந்தியச் சினிமாவின் மலிவான நகல்கள் என்ற தீர்ப்பு வழங்கப்பட்டது. தீர்ப்பில் உண்மை இல்லாமலில்லை. கதையமைப்பு, நகைச்சுவைப் பகுதியை இடையிற் செருகும் வழக்கம், மெட்டு ஆகியன பலவும் அப்படங்களில் இரவற் சரக்கே.

ஆயினும் ஒரு முரண்பாட்டை எடுத்துக்காட்டாது விடுதல் முறையன்று. 'மனமே' தழுவிய நாடகம என்னும் கூத்து வடிவம் எங்கிருந்து வந்தது? இதே மேற்குக் கரையோரத்துக் கத்தோலிக்க மக்களிடையே, தமிழ்க் கூத்தின் தொடர்பால், கருநாடக இசைச் சாயல் கொண்ட மெட்டுகளோடு வளர்ந்தது அது. பிலிப்பு சிஞ்ஞோ போன்றோர் அதனைச் சிங்களத்தில் நிலைநிறுத்தினர். ஆக, மேடையிற் தென்னிந்திய மெட்டு வந்தபோது மண்ணின் மரபு மீண்டதென்று மகிழ்ந்த அதே கற்றோர் கூட்டம், திரையில் அது வந்தபோது அந்நியம் என்று முகஞ்சுளித்தது. இரண்டு நூற்றாண்டு பழகிய கடன் மரபாகிவிடுகின்றது. பத்தாண்டுக் கடன் நகல் எனப்படுகின்றது. காலம் தந்த மெருகு நாடகமவுக்கு உண்டு, ஜயமான்ன படங்களுக்கு இல்லை என்று விடை சொல்லலாம். அவ்விடை பெரிதும் சரியானதே. ஆனால் அம்மெருகை ஏற்றத் தொடங்கியிருந்தது எது என்று தேடினால், ருக்மணி தேவியின் குரலையன்றி வேறொன்றைச் சுட்டுதல் கடினம். இரவல் மெட்டைச் சிங்களச் சொல்லின் மூச்சுக்கு இசைவித்தவர் அவர். பிற்காலத்தார் அக்குரலை வைத்துக்கொண்டு படத்தைக் கைவிட்டதன் காரணமும் அதுவேயாகலாம்.

தமிழரின் பக்கத்துக் குறை வேறு வகையினது. 1951இல் வெளிவந்த 'சங்கவுணு பிலித்துற' என்னும் படமே அவ்வாண்டிற் 'குசுமலதா' என்னும் பெயரில் தமிழாக்கப்பட்டது. இலங்கையிலிருந்து தமிழில் வெளிவந்த முதற் படமாக அதனை வரலாற்றாசிரியர் குறிப்பர். 1962இல் வந்த 'சமுதாயம்', 1963இல் வந்த 'தோட்டக்காரி' ஆகியவற்றுக்கு முன்னரே, எடி ஜயமான்னவும் ருக்மணி தேவியும் தமிழ் பேசும் பாத்திரங்களாகத் திரையிற் தோன்றிவிட்டனர். இராசம்மா என்னும் பெயருடன் பிறந்த ஒருவர், சிங்களத்தில் நடித்துப் பின் மொழிமாற்றத்தின் வழியே தமிழுக்கு வந்து சேர்ந்தார் என்பதைச் சிந்திக்குந்தோறும் நகையும் இரக்கமும் ஒருங்கே தோன்றும். படம் மொழிமாற்றுப் படம் என்பதால் அதனை இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கணக்கிற் சேர்க்கலாமா என்ற வாதம் உண்டு. கணக்கு எவ்வாறாயினும் ஆகுக. அதில் நடித்தவரின் கலையை ஆராய்வதற்கு அவ்வாதம் தடையாதல் வேண்டியதில்லை.

தமிழிலே நடித்தவரைத் தமிழரும், சிங்களத்திலே நடித்தவரைச் சிங்களவரும் கொண்டாடுவது இயல்பு. ஆனால் சிங்களச் சினிமாவின் தொடக்கத்திற் தமிழர் ஆற்றிய பணி, இரு தரப்பாரும் உரிமை கோராத ஒரு சொத்தாகக் கிடக்கின்றது. நாயகம் பின்னர்க் கந்தானையிற் படப்பிடிப்பு நிலையம் அமைத்தார். கே. குணரத்தினம் ஹெந்தலையில் விஜயா ஸ்ரூடியோவை நடத்தினார். 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் அந்த நிலையம் தீக்கிரையாயிற்று. சிங்களப் படங்களை நெறிப்படுத்திய கே. வெங்கட் அக்கலவரத்திற் கொல்லப்பட்டார். எரிந்த படச்சுருள்களிற் சிங்களம் பேசியவையே மிகுதி என்பதைத் தீ வைத்தவர்கள் எண்ணியிரார். ருக்மணி தேவி அதனைக் காணும் முன்னரே மறைந்துவிட்டார்.

அவருடைய இறுதி இருபதாண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லுதல் தகும். ஏனெனில் திரை அவருக்கு அக்காலத்தில் அளித்தது சிறிதே. 1960களில் 'கம்பெரலிய' போன்ற படங்கள் வேறொரு நடிப்பு முறையை, மௌனத்தையும் அரைப்பார்வையையும் நம்பும் முறையை, நிலைநாட்டின. அதனைப் பின்பற்றிய இளைய நடிகையர் பலர் தோன்றினர். 1968 முதல் நடித்து 2025இல் மறைந்த மாலினி பொன்சேகா அவர்களுள் தலையாயவர். 1978இற் சிவாஜி கணேசனுடன் 'பைலட் பிரேம்நாத்' படத்தில் நடித்தமையால் தமிழருக்கும் அறிமுகமானவர். நீண்ட திரைவாழ்வு என்று எண்ணும்போது மாலினியின் பெயரே பலருக்கு முன்னிற்கும். ஆனால் மாலினிக்குப் பாத்திரங்கள் வயதுடன் வளர்ந்தன; ருக்மணி தேவிக்குக் குரல் மட்டுமே வளர்ந்தது. நாயகியின் இடம் கைநழுவிய பின் அவர் திறந்தவெளி இசைநிகழ்ச்சிகளில் இளைஞர்தம் வாத்தியக் குழுக்களோடு நின்று பாடினார். இதனை வீழ்ச்சி என வருந்துவோர் உளர். பதினைந்து வயதில் ஒலிவாங்கியின் முன் தொடங்கிய ஒருவர் மீண்டும் ஒலிவாங்கியின் முன்னே வந்து நின்றமை வீழ்ச்சியாகாது. பிழைப்புக்கென ஊர் ஊராக இரவு முழுவதும் பயணஞ்செய்ய நேர்ந்தமையே வருந்தற்குரியது.

அவருடைய காலத்துப் படங்களை ஒதுக்கி வைத்த புதுமுறையின் தந்தையாகிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசே, 1978இல் 'அஹசின் பொலவட்ட' என்னும் தம் படத்தில் அவருக்கு ஒரு துணைப்பாத்திரம் வழங்கினார். கண்ணீரும் பாடலும் வேண்டப்படாத, ஐம்பத்தைந்து வயதை மறைக்கத் தேவையற்ற பாத்திரம். மேடைக் கைகள் அங்கில்லை. பாடல்களுள் மட்டும் கண்ட அந்த அடக்கம் வசனத்துக்கும் வந்துவிட்டது. இருபதாண்டு முன்னர் இப்படி ஒருவர் அவரை அழைத்திருந்தால் என்று எண்ணாதிருத்தல் கடினம். அழைத்திருக்கவேண்டியவர் எவருமே அப்போது அழைக்கவில்லை.

அவ்வாண்டு ஐப்பசி மாதம் 28ஆந் திகதி, மாத்தறை உயன்வத்தையில் நிகழ்ந்த இசைநிகழ்ச்சியிற் பாடிவிட்டு நீர்கொழும்புக்குத் திரும்பும் வழியில், ஜாஎலையை அடுத்த துடெல்லவில் அவர் சென்ற வாகனம் விபத்துக்குள்ளாயிற்று. வீட்டுக்கு எஞ்சியிருந்தது சிறு தொலைவே. நீர்கொழும்புப் பொது மயானத்தில் அவர் அடக்கஞ் செய்யப்பட்டார்.